தங்கைக்கு எதிரே கட்டிய சுவர்

என் தங்கையின் முகத்துக்கு நேராக நான் ஒரு சுவர் கட்டினேன். தெரியாமல் செய்ததல்ல. அந்தச் சுவர் எழும்பினால் அவளுக்கு என்ன ஆகும் என்பது ஊரில் மற்ற எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். கேட்டவர்களிடமெல்லாம், ஏசி குளிர் சமையலறைக்குள் போய்விடும், அதற்காகத்தான் என்று சொன்னேன். அது பொய். அவள் குரல் வெளியே கேட்கக் கூடாது என்பதற்காகக் கட்டினேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. அரசு வேலையில் கட்டிடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கை என்னைவிட எட்டு வயது இளையவள். ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போயின. அதற்கு முன்பே பேச்சு நன்றாக வந்திருந்ததால் வாய் போகவில்லை. எதிரே இருப்பவரின் உதடு அசைவதைப் பார்த்தே அவர் சொல்வதைப் புரிந்துகொள்வாள். பதிலைத் தன் குரலில் சொல்வாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் அதன் அளவு அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது தெருக்கோடி வரை போகும். சில எழுத்துகள் தேய்ந்து வரும். புதிதாகக் கேட்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவள் கணவர் பட்டாளத்தில் இருந்து திரும்பி வந்தவர். ராஜபாளையத்தில், தென்காசி போகிற சாலையை ஒட்டி, ஒரு நீளமான கட்டிடம் கட்டி ஓட்டல் தொடங்கினார். கொத்தனார் ஒருவரும் அவரும்தான். என்னிடம் வரைபடம் கேட்கவில்லை. அப்போது நான் வேறு மாவட்டத்தில் வேலையில் இருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

உள்ளே நுழைந்ததும் மேசைகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டிருந்தன. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பக்கம் மட்டும்தான் பெஞ்சு. சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார வேண்டும். அந்தத் திசையில், ஹாலின் கடைசியில், தரையிலிருந்து முக்கால் அடி உயர்த்திக் கட்டிய மேடையில் தோசைக்கல். அதற்கு முன்னால் சுவரோ தடுப்போ கிடையாது. டியூப்லைட்டுகள் மேசைக்கு நேர் மேலே இல்லாமல் இரண்டடி முன்னால் தள்ளித் தாழ்வாகத் தொங்கின. கை கழுவும் மூலைக்கு எதிரே, எந்த சலூனிலோ வாங்கிய பழைய கண்ணாடி ஒன்று சாய்வாக மாட்டியிருந்தது. நான் படித்த படிப்பின்படி எல்லாமே தப்பு.

"மாப்ள, இது ஓட்டலா, எலிமெண்டரி ஸ்கூலா?" என்று கேட்டேன்.

"ஸ்கூலுதான். ஒங்க தங்கச்சி டீச்சர். நாலு தோசை தின்னா பாஸ் போட்டுருவா. ஒக்காருங்க," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஏன் அப்படிக் கட்டினார் என்று நானும் கேட்கவில்லை. தெரியாதவன் கட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கை அந்த மேடையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றாள். அங்கே சாப்பிட வருகிறவர்கள் குரல் கொடுப்பதில்லை. கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டினால் இரண்டு கல்தோசை. முட்டையை உடைப்பது போல விரலைத் தட்டினால் முட்டைத் தோசை. விரல்நுனிகளைச் சேர்த்துத் தேய்த்தால் பொடித் தோசை. பஸ் டிரைவர்கள் ஸ்டியரிங்கைத் திருப்புவது போலக் காட்டுவார்கள். வண்டி எடுக்க நேரமாகிவிட்டது, சீக்கிரம் என்று பொருள். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து ஏற்பாடு செய்யவில்லை. ஒருவர் செய்ததைப் பார்த்து அடுத்தவர் செய்து, அதுவே அந்தக் கடையின் வழக்கமாகிவிட்டது. பாதிப் பேருக்கு விரல் காட்டவும் தேவை இருக்காது. ஒருவர் கடைசி விள்ளலைச் சட்னியில் தோய்க்கும்போது அவருக்கான அடுத்த தோசை கல்லில் வெந்துகொண்டிருக்கும். இலையையும் முகத்தையும் பார்த்தே ஊற்றுவாள்.

அவளிடம் பேசுகிறவர்கள் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். அதனால் ஹாலில் அவள் குரல் மட்டும்தான் கேட்கும். ஒரு மில் தொழிலாளி மூன்றாவது முட்டைத் தோசைக்கு விரலைத் தட்டியபோது நான் அங்கே இருந்தேன்.

"ஏலே, வீட்டுக்குப் போயி பசிக்கலன்னு சொல்லி அந்தப் பிள்ளைகிட்ட வாங்கிக் கட்டிக்காத. ரெண்டோட எந்திரி," என்றாள். ஹால் முழுக்கச் சிரித்தது.

அவன் வாயை அசைத்து, பூ வாங்கிக்கொண்டு போகிறேன், சரியாகிவிடும் என்றான்.

"அப்படின்னா ஊத்துதேன். கனகாம்பரம் வாங்காத. மல்லி வாங்கு," என்றாள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் தெலுங்கு பேசுகிறவர். போதும் என்பதற்கு அவர் சொல்லும் 'சாலு' என்ற சொல்லை மட்டும் அவர் உதட்டில் கற்றுவைத்திருந்தாள். அவர் சாலு, சாலு என்று கையை வேறு ஆட்டுவார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொன்றை அனுப்பிவிட்டு, "இன்னைக்கு எனக்குக் கண்ணும் கேக்கல தாத்தா," என்பாள்.

வீட்டில் அவள் இவ்வளவு பேசியதில்லை. கல்யாண வீடுகளில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பாள். அங்கே எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துப் பேசுவார்கள். யார் வாயைப் பிடிப்பது என்று தெரியாது. அந்த மேடையில் ஏறியதும் வேறு ஆளாகிவிடுவாள்.

மைத்துனர் நெஞ்சுவலியில் இறந்தபின் தங்கை மகன் கடையைப் பார்த்தான். திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். சாலையில் இரண்டு புறமும் ஏசி போட்ட கடைகள் வந்துவிட்டன, நாமும் மாற்ற வேண்டும் என்றான். என்னிடம் வந்து, "மாமா, நீங்கதான் வரைஞ்சு தரணும்," என்றான். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. உடனே ஒப்புக்கொண்டேன். பழைய ஹாலை அங்குலம் அங்குலமாக அளந்து ஒரு வரைபடம் போட்டேன். அதன் மேல் புதியதை வரைந்தேன். முதலில் நான் வரைந்ததில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு இருந்தது. அதை இங்கே சொல்லியாக வேண்டும். அவளை மறைக்க வேண்டும் என்று முதலில் நான் நினைக்கவில்லை.

அந்த வாரத்தில் என் மகனின் மாமனாரும் மாமியாரும் கோயம்புத்தூரிலிருந்து வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டு, மதியம் தங்கை கடைக்கு அழைத்து வந்தேன். நல்ல தோசை சாப்பிடட்டும் என்றுதான். சம்பந்தியம்மா மெல்ல மெல்லப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சம்பந்தியம்மா, என்ன கோழி கொத்துத மாதிரி கொத்துதீக? கூச்சப்படாமச் சாப்புடுங்க. நம்ம கடைதான்," என்று மேடையிலிருந்து தங்கை சொன்னாள். ஹால் சிரித்தது. சம்பந்தியம்மாவும் சிரித்தார். அவர் கணவர் மட்டும் என் பக்கம் குனிந்து, "எப்பவுமே இவ்வளவு சத்தமாத்தான் பேசுவாங்களா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் எனக்கு முகம் சுட்டது. இருபது வருடமாக அந்தக் கடையில் நான் வெட்கப்பட்டதில்லை. ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

அவர்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வாசலில் நின்றேன். தங்கை மகன் பக்கத்தில் இருந்தான். உள்ளே தங்கை தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவனிடம் சொன்னேன்:

"கண்ணாடி கிண்ணாடியெல்லாம் வேண்டாம். சுவராவே அடைச்சிருவோம். நாலு நல்ல மனுசங்க வந்து போற எடம். ஒங்கம்மா ஊமை கத்துத மாதிரி கத்திக்கிட்டு இருக்கா. மானம் போவுது."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, "சரி மாமா. ஏசிக்கும் அதான் நல்லது," என்றான்.

வேலை தொடங்கியது. மேடையை உடைத்துத் தரையைச் சமமாக்கினேன். பெஞ்சுகளை எடுத்துவிட்டு, ஆட்கள் எதிரெதிரே உட்காரும் மெத்தை இருக்கைகள் போட்டேன், இடம் இரட்டிப்பானது. டியூப்லைட்டுகளைக் கழற்றி, ஃபால்ஸ் சீலிங் அடித்து, அதற்குள் மஞ்சள் விளக்குகளைப் புதைத்தேன். சலூன் கண்ணாடியைப் பழைய சாமான் கடைக்குப் போட்டோம். புதுச் சுவரின் ஹால் பக்கத்தில் காடும் அருவியுமாக ஒரு படம் ஒட்டுவதாக ஏற்பாடு.

சுவர் இடுப்பளவு எழும்பியிருந்த நாளில் தங்கை வந்தாள். சிமெண்டு காயாத செங்கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் கண்ணுக்கு நேராக, ஒரு சாண் உயரம், இரண்டு முழம் நீளத்துக்குக் காற்றில் கையால் அளந்து காட்டினாள்.

"இந்த எடத்துல மட்டும் ஒரு சன்னல் விடு அண்ணே. கண்ணாடி போட்டு மூடிக்க. ஏசி வெளிய போவாது."

"எண்ணெய்ப் பிசுக்குப் படியும் தாயி. ஹால்லேருந்து பாத்தா அழுக்காத் தெரியும்," என்றேன்.

"தெனம் நான் தொடச்சிருதேன். ரெண்டு நேரமும் தொடச்சிருதேன்."

நான் கொத்தனாரைப் பார்த்து, "நீ வேலையப் பாரு," என்றேன். கொத்தனார் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த கல்லை எடுத்தார். அவள் அது வைக்கப்படும்வரை நின்றாள். அதற்கடுத்த கல்லும் வைத்தபிறகு போனாள்.

சுவரில் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், ஒன்றரை அடிக்கு ஒரு அடி துளை ஒன்று விட்டிருந்தேன். தட்டை அதன் வழியாக வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி சப்ளையர் அதில் வைப்பார். சீட்டு வந்திருப்பது அவளுக்குத் தெரிய வேண்டுமே என்று, அடுப்புக்கு எதிரே வெள்ளை ஓடு பதித்த சுவரில் ஒரு சிவப்பு பல்பு பொருத்தினேன். வெளியிலிருந்து சுவிட்சைத் தட்டினால் எரியும். இது என் சொந்த யோசனை. திறப்பு விழாவுக்கு வந்தவர்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். என் தங்கைக்குக் காது கேட்காது, அதற்காக இந்த வசதி என்று ஒவ்வொருவரிடமும் விளக்கினேன். அவர்கள் என்னைப் பாராட்டினார்கள். அவள் பக்கத்திலேயே நின்று அவர்கள் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் அவள் அந்த வெள்ளை ஓட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு தோசை ஊற்றினாள். துளை வழியாக ஒரு கை வரும், தட்டை வாங்கிக்கொண்டு போகும். பல்பு எரியும். சீட்டைப் படிப்பாள். கடைக்குப் புது ஆட்கள் வந்தார்கள். பழைய ஆட்கள் முதலில் அவளைக் கேட்டார்கள். சிலர் சமையலறைக் கதவு வரை வந்து எட்டிப் பார்த்துக் கையசைத்தார்கள். உள்ளே வரக்கூடாது என்று சப்ளையர்கள் சொன்னதும் அதையும் விட்டார்கள். பஸ் டிரைவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். தெலுங்குக்காரப் பெரியவர் ஒரு முறை வந்து, தோசையைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதாகத் தங்கை மகன் சொன்னான்.

அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நான் அதை அமைதி என்று எடுத்துக்கொண்டேன். வயதாகிவிட்டது, நிதானம் வந்துவிட்டது என்று என் மனைவியிடம் சொன்னேன்.

ஒரு நாள் மதியம் விருதுநகரிலிருந்து வந்த நண்பர் ஒருவரோடு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். சீலிங்கையும் விளக்கையும் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். நாங்கள் கேட்டது வரவில்லை. சப்ளையர், பல்பைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், அம்மா எடுக்கவில்லை என்றார். நான் எழுந்து உள்ளே போனேன். பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

தோளைத் தொட்டுத் திருப்பி, "பல்பு எரியுதே, பாக்கலயா?" என்று கேட்டேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். துண்டில் கையைத் துடைத்தாள். இடக்கையின் இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கே சில சொற்கள் தெளிவாக விழவில்லை.

"கழுத்துல என்ன? வலிக்கா?" என்றேன்.

"வலி இல்ல. சத்தம் பெருசாப் போவுதான்னு தொட்டுப் பாத்துக்கிடுதேன். விரல்ல அதிர்ந்தா கொறச்சிக்கிடுவேன். இப்படிப் பேசுனா வெளிய கேக்காதுல்லா?"

அவள் விரலை எடுக்காமலே தொடர்ந்தாள்.

"அன்னைக்கு வாசல்ல நின்னு இவன்கிட்ட சொன்னியே அண்ணே. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"என்னத்த?"

"ஊமை கத்துத மாதிரின்னு. அந்த வார்த்தைக்கு உதடு குவியும், பொறவு மூடித் தொறக்கும். ஒம்பது வயசிலேருந்து எம்புட்டுப் பேரு வாயில பாத்திருக்கேன். தூரத்துல தெரிஞ்சாலும் கண்டுபிடிச்சிருவேன். ஒன் வாயில மட்டும் பாத்ததில்ல."

அறுபது வருடத்துக்கு அருகில் அவளோடு இருந்தவன், அவளுக்குத் தெரியக் கூடாதென்று குரலைத் தாழ்த்தியிருக்கிறேன். பட்டப்பகல் வெளிச்சத்தில், அவளுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு. எங்கள் வீட்டில் நாங்கள் எல்லாருமே இந்தத் தவற்றைச் செய்திருப்போம். அவளிடம் மறைக்க வேண்டியதைக் கிசுகிசுவென்று பேசுவோம். அவள் எத்தனையைப் பார்த்திருப்பாள் என்று யாரும் நினைத்ததில்லை.

அன்று மாலையே அவள் வன்னியம்பட்டிக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் கூப்பிட்டும் வரவில்லை. கோபமாக எதுவும் சொல்லவில்லை. கை வலிக்கிறது, இனி முடியாது என்று மட்டும் சொன்னாளாம்.

சில மாதங்கள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு நாள், ஏதோ தேடும்போது, பழைய ஹாலை அளந்து போட்ட வரைபடம் கையில் கிடைத்தது. மேசை மேல் விரித்து வைத்துப் பார்த்தேன். பென்சிலை எடுத்து ஒவ்வொரு பெஞ்சிலிருந்தும் தோசைக்கல்லுக்கு ஒரு கோடு இழுத்தேன். ஒரு கோடும் எதன் மேலும் இடிக்கவில்லை. முக்கால் அடி மேடை இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் பின்வரிசை முகங்களை மறைத்திருக்கும். விளக்குகள் மேசைக்கு நேர் மேலே இருந்திருந்தால் மூக்கின் நிழல் வாயில் விழுந்திருக்கும். இரண்டடி முன்னால் இருந்ததால் வெளிச்சம் நேராக உதட்டில் விழுந்திருக்கிறது. கை கழுவும் மூலை ஒன்றுதான் அவள் கண்ணுக்குப் படாத இடம். சலூன் கண்ணாடி சாய்ந்திருந்த கோணத்தை அளந்தால், அந்த மூலையில் நிற்பவரின் முகம் அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கட்டிடம் முழுவதையும் மைத்துனர் அவள் கண்ணுக்காகக் கட்டியிருக்கிறார். சுவர் ஒன்றைத்தான் நான் தெரிந்து செய்தேன். மற்றவற்றை, என்னவென்றே தெரியாமல், என் கையாலேயே ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டிருக்கிறேன். நான் முப்பத்தைந்து வருடம் கட்டிடம் கட்டியவன்.

தங்கை மகனிடம் போய்ச் சுவரை இடிக்க வேண்டும் என்றேன்.

"நீங்கதான மாமா கட்டச் சொன்னீக. இப்ப நீங்களே இடிக்கச் சொல்லுதீக. அடுத்து என்ன, ஓட்டல தலைகீழா நிறுத்தணுமா?" என்றான்.

"இடிச்சாத்தான் ஒங்கம்மா வருவா."

அவன் நெடுநேரம் கல்லாப்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். "ஏசி?" என்று கேட்டான். "வேண்டாம்" என்றேன். "ஒக்கார எடம் பாதியாயிரும் மாமா." "ஆகட்டும்" என்றேன். கடைசியில், "அன்னைக்கு வாசல்ல நீங்க சொல்லும்போது நானும் சரின்னுதான் சொன்னேன். அம்மா அதையும் பாத்திருப்பா. இடிங்க," என்றான்.

அதே கொத்தனார்தான் வந்தார். "அந்தம்மா கேட்ட சன்னல அன்னைக்கே விட்டிருந்தா இன்னைக்கு இந்தப் பாடு இல்லல்லா அய்யா?" என்றார். நானும் ஒரு சம்மட்டியை எடுத்தேன். நாலு அடி அடித்ததும் மூச்சு வாங்கியது. "அய்யா, தள்ளி நில்லுங்க, கால்ல போட்டுக்கிடாதீக," என்று வாங்கி வைத்துவிட்டார். மேடையைக் கட்டினோம். பெஞ்சு போட்டோம். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு டியூப்லைட்டுகளை அதே இடங்களில் தொங்கவிட்டேன். கண்ணாடி மட்டும் புதிது.

வன்னியம்பட்டிக்குப் போனேன். அவள் கன்றுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். "வா அண்ணே," என்றாள், தொண்டையில் விரலை வைத்தபடி. நான் பேசுவதற்குப் பதிலாக வரைபடத்தை அவள் முன் விரித்தேன். கல் இருக்கும் இடத்தில் விரலை வைத்தாள். பிறகு ஒவ்வொரு விளக்கின் மேலும் வைத்தாள். முகம் மாறியது.

"இத மாட்டும்போது அவிய என்னைய அடுப்புக்கிட்ட நிக்கச் சொன்னாக. ஒவ்வொரு பெஞ்சாப் போயி ஒக்காந்து வாயசைப்பாக. எனக்குப் புரியலன்னா லைட்ட நகட்டுவாக."

"என்ன சொல்லி வாயசைப்பாரு?" என்று கேட்டேன்.

"கெட்ட வார்த்தை. ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒண்ணு. நான் சிரிச்சிட்டா அந்த லைட்டு சரின்னு அர்த்தம்."

அவள் சிரித்தாள். விரலைத் தொண்டையிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். நானும் சிரித்தேன். அந்த ஐந்து நிமிடம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன். மறுவாரம் வருவதாகச் சொன்னாள்.

அவள் வருகிற காலைக்குப் பழைய ஆட்களில் கொஞ்சம் பேருக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். மில் தொழிலாளி தலை நரைத்து வந்திருந்தார். சோழபுரத்திலிருந்து ஒரு பஸ் டிரைவர், வேலை இல்லாத நாளில், இதற்கென்றே வந்திருந்தார். தெலுங்குக்காரப் பெரியவர் அதற்குள் இறந்துபோயிருந்தார். அவள் மேடையில் ஏறி நின்றாள். கைகள் உயர்ந்தன. விரல்களைப் பார்த்து ஊற்றினாள். தோசைகள் போயின. நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் விரல்களைப் பார்த்தாள், இலைகளைப் பார்த்தாள். முகங்களைப் பார்க்கவில்லை. மில் தொழிலாளி வாயைப் பெரிதாக அசைத்து என்னவோ கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு எண்ணெய் தடவினாள். அவர் இன்னொரு முறை கேட்டுவிட்டு, சங்கடத்தோடு சாப்பிட ஆரம்பித்தார். மூன்றாவது பெஞ்சில் இரண்டு பேர் தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள். வழியில் போகிறவர்கள், அவளைத் தெரியாதவர்கள். என்ன பேசினார்களோ. அவள் கரண்டி நின்றது. கல்லில் இருந்த தோசை கருகி, புகை எழுந்து, மகன் ஓடிப்போய் எடுத்தான்.

"கல்ல அந்தப் பக்கமாத் திருப்பிரு," என்று அவனிடம் சொன்னாள். நான் எழுந்து பக்கத்தில் போயிருந்தேன்.

"ஏம்மா?" என்றான் மகன்.

"எல்லா வாயும் தெரியுது. யாரு என்ன சொல்லுதாகளோன்னு பாக்கப் பயமா இருக்கு. மின்ன இந்தப் பயம் தெரியாம இருந்துச்சு."

அடுப்பும் சிலிண்டரும் அப்படித் திருப்ப முடியாது. அவள் பக்கவாட்டில் நகர்ந்து, ஹாலுக்கு முதுகைக் காட்டி நின்று, மகன் வந்து காட்டிய விரல்களைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி ஊற்றினாள். வந்தவர்கள் எல்லாருக்கும் ஊற்றி முடித்தாள். யாரையும் பாதியில் விடவில்லை. பதினொரு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு பஸ் ஏறினாள்.

இப்போது அந்த மேடையில் செங்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் நிற்கிறார். நல்ல வேலைக்காரர். பெஞ்சுகள் ஒரு பக்கமாக இருப்பது பார்க்க விநோதமாக இருக்கிறது என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். மகன் மறுபடி மாற்ற வேண்டும் என்கிறான். மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டேன். அவள் நிற்காத மேடைக்கு அந்த ஏற்பாடு எதற்கு.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், தமிழ் நன்றாகப் படிப்பாள். இங்கே எழுதியிருப்பதைத்தான் இன்னும் சுருக்கமாக எழுதியிருந்தேன். படித்தாள், மடித்துப் பீரோவில் வைத்தாள் என்று அவள் மகள் சொன்னாள். அடுத்த முறை போனபோது அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கன்று ஈன்ற மாடு உதைக்கிறது, சுந்தரபாண்டியத்தில் நல்ல வைத்தியர் இருக்கிறாராமே என்று கேட்டாள்.

போன மாதம், நேரில் கேட்டுவிட வேண்டும் என்று போனேன். வாசலில் நாற்காலி போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். அவள் என் வாயைப் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்திக்கொண்டேன். "அன்னைக்கு நான் சொன்னது" என்று தொடங்கினேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் கையைத் தொடலாம் என்று நினைத்தேன். தொட்டால் கண்ணைத் திறக்கச் சொல்வது போல ஆகிவிடும். அவள் மூச்சு சீராக இருந்தது. நான் பேசுவதை நிறுத்திவிட்டேனா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. அதனால் நெடுநேரம் மூடியே இருந்தாள். பிறகு திறந்து, என் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

"சாப்புட்டுட்டுப் போறியா அண்ணே?" என்றாள்.

தலையாட்டினேன். உள்ளே போய்த் தோசை ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை, என் தட்டைப் பார்த்தபடி, பக்கத்திலேயே நின்றாள்.